ஆகோ என்றால் ஆமே

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய பிறகும் அந்த லேப்டாப் ஒரு முறை இருமியது.

கோபினா ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த கையோடு அப்படியே நின்று காது கொடுத்தான். இரண்டு குட்டி ஸ்பீக்கர்களும் காய்ந்த அவரைக் கொட்டைகள் மாதிரி மேசைமேல் தனியாகக் கிடந்தன. ஹார்டு டிஸ்க்கைக் காலையிலேயே உருவித் துணியில் சுற்றி வைத்திருந்தான். உப்பிப்போன பேட்டரியையும் எடுத்தாகிவிட்டது. பெட்டிக்குள் உயிர் என்று இருந்ததெல்லாம் சுவரிலிருந்து வந்த கரண்டும், பக்கவாட்டில் செருகிய பென்டிரைவிலிருந்து ஏறி ஓடிக்கொண்டிருந்த லினக்ஸும்தான். இருமுவதற்கு அதில் தொண்டையே இல்லை.

வெளியிலிருந்து வந்திருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். கானாவின் தக்கோராடி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் கடைகள் எல்லாமே பழைய கப்பல் கண்டெய்னர்கள். ஒரு பெட்டியில் ஆணி விழுந்தால் பத்துப் பெட்டிக்குக் கேட்கும்.

அந்த லேப்டாப் அவனுடைய மச்சான் குவேசியுடையது. கடையும் குவேசியுடையதுதான். போன ஹர்மத்தான் வறட்டுக்காற்றுக் காலத்தில், காற்றெல்லாம் மணலாகி எதிரே நிற்பவன் முகம் தெரியாத ஒரு சாயங்காலம், யாரோ வந்து இதே கதவுக்கு வெளியே நின்று ‘ஆகோ’ என்று குரல் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவன் ‘ஆமே’ என்றான். அந்த ஊரில் வாய் அப்படித்தான் பழகியிருந்தது. வாசலில் ஆகோ என்றால் உள்ளே வரலாமா என்று அர்த்தம், ஆமே என்றால் வா என்று அர்த்தம். பேச்சு வராத குழந்தைகூட ஆகோ கேட்டால் ஆமே சொல்லும். வந்தவர்கள் வெட்டுக்கத்தியோடு வந்திருந்தார்கள். முதல் வெட்டைக் குவேசி கையால் தடுத்திருக்கிறான், விரல்கள் மேசைக்கு அடியில் கிடந்தன. மற்ற வெட்டுகளை அவன் உடம்பும் சுவரும் வாங்கின. இரும்புச் சுவரில் நீளநீளமாகப் பள்ளம் விழுந்து, அதன்மேல் நீலப் பெயின்ட் அடித்தும் பள்ளம் போகவில்லை. வெட்டியவர்கள் இன்றுவரை அகப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யாரும் ஆகோவுக்கு ஆமே சொல்வதில்லை. ‘பேர் என்ன?’ என்பார்கள். வந்தவன் பேரைச் சொன்ன பிறகுதான் ஆமே. செத்தவனின் தங்கை எக்குவா, கோபினாவின் மனைவி, இந்த ஒரு விஷயத்தில் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கடையைத் திறக்கவிட்டாள்.

கண்டெய்னரை உள்ளேயிருந்து பூட்ட முடியாது. அது சரக்குக்காகச் செய்தது, மனிதனுக்காக இல்லை. குவேசி உள்பக்கம் பற்றவைத்திருந்த கொக்கி அன்றைக்குப் பிய்ந்தது பிய்ந்ததுதான்.

“பான்யின்! கொக்கி என்னாச்சு?” என்று காலையில்கூடப் பக்கத்துக் கடை வெல்டரைக் கேட்டான்.

“நாளைக்கு மாஸ்டர், நாளைக்கு.”

“ஆறு மாசமா உனக்கு நாளைக்குதான்.”

“அதான் உனக்கு வெட்டுக்கத்தி தீட்டிக் குடுத்திருக்கேனே, போதாதா? நீ அந்தப் பெட்டிகிட்ட கொஞ்சுற கொஞ்சுக்கு உன்ன எவனும் வெட்ட வரமாட்டான். எக்குவாதான் வருவா!”

அந்தக் கத்தி மேசைக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில் சாய்ந்திருந்தது. பான்யின் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டான்.

காலையிலிருந்து அந்தப் பெட்டி கோபினாவின் பொறுமையைத் தின்றது. திங்கட்கிழமை எக்குவா பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுக்கச் சேருகிறாள். அண்ணன் பெட்டியில்தான் சொல்லிக்கொடுப்பேன், வேறு எதையும் தொடமாட்டேன் என்று நின்றாள். முதலில் பென்டிரைவையே பெட்டி ஏற்க மறுத்தது. பெட்டியின் அமைப்புக்குள் போய், அந்நியமானதை ஏறவிடாத காவலைத் தளர்த்தினான். ஏற்றுக்கொண்டதும் திரை கறுத்தது. திரை டிரைவரை எழுப்பாமல் ஏறு என்று தொடக்க வரியில் ஒரு சொல் சேர்த்தான், வெளிச்சம் வந்தது. மூட்டை தூக்குகிறவன் தோள் மாற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித்தான் இந்த வேலை. கடைசியில் மிஞ்சியது சத்தம். ஒலியளவுப் பலகையைத் திறந்தால் எல்லாக் கோடுகளும் ஊமையாக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக வாயைத் திறந்துவிட்டான். கரகரவென்று ஒரு இரைச்சல் வந்தது. ஸ்பீக்கர் கெட்டிருக்குமோ என்று கழற்றிப் பார்த்தபோதுதான் அந்த இருமல்.

ஸ்பீக்கர்கள் நன்றாகத்தான் இருந்தன. திரும்ப மாட்டினான். மைக்கைச் சோதித்தான். அதற்குக் குவேசி பழக்கிய ஒரு வழி இருந்தது. மைக்குக்கு முன் குனிந்து, வாசலில் நிற்பவன்போல ஒரு ஆகோ, உள்ளே இருப்பவன்போல ஒரு ஆமே. இரண்டும் திரும்பி வந்தால் காதும் வாயும் சரி. மனிதனுக்குத்தானே சத்தியம், பெட்டிக்கு இல்லையே.

“ஆகோ,” என்றான். “ஆமே.”

ஓடவிட்டான்.

அவன் குரலில் ஆகோ வந்தது. அதன் பிறகு ஆமே வரவில்லை. மழை வந்தது. தகரக் கூரைமேல் கொட்டுகிற கனமழை. கோபினா கதவை விலக்கி வெளியே பார்த்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சந்தில் புழுதி பறந்தது. கடல் பக்கம் மட்டும் வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது.

இரைச்சல்தான், என்றான் வாய்விட்டு. டிரைவர் வேறு ஏதோ சிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும். சிப்பின் பெயரைத் தேடி, இதுதான் நீ என்று ஒரு வரி எழுதி, பெட்டியை மறுபடி எழுப்பினான். மறுபடி ஆகோ, மறுபடி ஆமே. மறுபடி ஓடவிட்டான்.

இம்முறை தெளிவாக இருந்தது.

மழை. மழைக்குள் கண்டெய்னர் கதவின் கீல் முனகும் ஓசை. அது இந்தக் கதவேதான், எண்ணெய் காணாத மேல் கீல். பிறகு இளநீர் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஈரமான, அழுத்தமான ஒரே சத்தம். ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விடவில்லை. இன்னொரு வெட்டு, இது இரும்பில் பட்டுக் கிணீரென்றது. இன்னொன்று. பிறகு எனாமல் பாத்திரம் ஒன்று விழுந்து, அதன் மூடி தரையில் தட்டாமாலை சுற்றியது. முதலில் அகலமாக, பிறகு வேகவேகமாக, கடைசியில் பல் கிட்டிக்கொள்வதுபோலத் தடதடத்து, நின்றது.

கோபினா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

குவேசி. இது குவேசியின் சாவு. பெட்டி அன்றைக்கு மேசைமேல் திறந்து கிடந்தது, மைக் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. ஆனால் எங்கே வைத்திருக்கிறது? டிஸ்க் துணிக்குள் இருந்தது. அதோடு அன்று மழையில்லை. ஹர்மத்தானில் ஏது மழை? அந்த எண்ணம் வந்த வேகத்தில் போய்விட்டது. பயந்தவன் மனதில் எதுவும் தங்குவதில்லை.

ஒலி டிரைவரையே கணினியிலிருந்து இறக்கினான். பட்டியல் போட்டுப் பார்த்தான். ஒலிக்கருவி ஏதுமில்லை என்று திரை சொன்னது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். பிடுங்கிய கையிலேயே அது அதிர்ந்தது.

“ஆகோ,” என்றது பெட்டி.

எக்குவாவின் குரல்.

அவன் நாக்கு ஆமேவுக்காக மேலே எழும்பிவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினான். கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தான். நீண்ட நேரம் கழித்து எடுத்தாள். பின்னால் எண்ணெய் பொரிந்தது.

“எக்குவா, இன்னைக்கு சாப்பாடு கொண்டு வராத. நானே வந்துடறேன்.”

“ஏன், உன் குரல் என்ன இப்படி இருக்கு? பெட்டி பேசிடுச்சா?”

“பேசுது. நீ வராத.”

“பேசுதா! எங்கண்ணன் பாட்டெல்லாம் அதுலதான்…” லைன் கரகரத்தது. “…கென்கே ஆயிடுச்சு, மீன்தான்… மழைக்கு முன்னாடி…”

“வராதன்னு சொல்றேன்ல! கேக்குதா?”

கேட்கவில்லை. சிக்னல் போயிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தான். திரும்பத் திரும்ப ஊமை.

ஓடிவிடலாம் என்று எழுந்தபோது மழை பிடித்தது. கூரைமேல் ஜல்லி கொட்டியதுபோல ஒரே கொட்டாகக் கொட்டியது. காற்று கதவை அறைந்து சாத்தியது. அதே நொடியில் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது. பல்பு சிவந்து செத்தது. கண்டெய்னர் முழுக்க இருட்டு, துரு வாசனை, நனைந்த புழுதி வாசனை.

லேப்டாப் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி இல்லை. கரண்ட் இல்லை. பிளக்கை உருவினான். எரிந்தது. பென்டிரைவை உருவினான். எரிந்தது. அந்த நீல வெளிச்சம் சுவரில் விழுந்து, பெயின்டுக்குள் இருந்த வெட்டுப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் கறுப்பாக வாய் திறந்தன. திரையில் மைக்கின் குறி மேலும் கீழும் துள்ளியது. அது கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆகோ.”

பெட்டியா? வெளியேயா?

“யாரது?” என்றான். குரல் கிழிந்தது. “பேரச் சொல்லு!”

மழை.

“ஆகோ.” பெட்டிதான். எக்குவாவின் குரலேதான், ஆனால் அடியில் ஏதோ இரும்பு உரசியது.

“பேரு! பேரு சொல்லுடா!”

கை மேசைக்கு அடியில் போயிற்று. கத்தியின் மரப்பிடி. பிசுபிசுப்பு. மூலையில் முதுகை ஒட்டி நின்றான். இரும்புச் சுவரின் பள்ளம் ஒன்று தோள்பட்டையில் பொருந்தியது, அவனுக்காகவே அளவெடுத்ததுபோல.

வெளியே காலடி. சேற்றில். ஒன்று. இன்னொன்று. கதவருகே நின்றது.

“ஆகோ!”

கோபினா வாயை இடது கையால் பொத்திக்கொண்டான். பேர் சொல்லட்டும். முதலில் பேர் சொல்லட்டும்.

“ஆமே,” என்றது அவன் குரல்.

அவன் வாயிலிருந்து இல்லை. மேசையிலிருந்து. கொஞ்ச நேரத்துக்கு முன் மைக்கருகே குனிந்து அவன் சொன்ன ஆமே. தொலைந்துபோன அந்த ஆமே. சிரித்த முகத்தோடு சொன்னது, அப்படியே.

மேல் கீல் முனகியது.

கதவில் ஒரு உருவம். தலைமேல் சாக்கு. முகமில்லை. கையில் ஏதோ மின்னியது.

வெட்டினான்.

இளநீர்ச் சத்தம்.

உருவம் மூச்சை உள்ளே இழுத்தது. விடவில்லை.

மறுபடி வெட்டினான். கத்தி சுவரில் கிணீரென்று பட்டு, மணிக்கட்டு வரை அதிர்ந்தது. மறுபடி. இம்முறை இரும்பில் படவில்லை. சூடாக முகத்தில் தெறித்தது. உதட்டில் உப்பு.

பாத்திரம் விழுந்தது.

பொரித்த மீன் வாசனை வந்தது. அரைத்த மிளகாய் வாசனை.

மூடி சுற்றியது. அகலமாக. வேகமாக. இன்னும் வேகமாக. அடுத்து என்ன ஓசை வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தடதடத்து, நின்றது.

திரை வெளிச்சத்தில் சாக்கு மெல்லச் சரிந்தது. எக்குவாவின் பின்னலில் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்து இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. கண் திறந்திருந்தது. பேர் கேட்காமல் உள்ளே விட்டானே என்று ஆச்சரியப்பட்ட மாதிரி, புருவம் லேசாக மேலேறியிருந்தது.

“எக்குவா,” என்றான். “எக்குவா. பேர் சொல்லியிருக்கலாமேடி.”

கத்தி கையைவிட்டுப் போகவில்லை. விரல்கள் இறுகிவிட்டன. சோளமாவுக் கென்கே உருண்டைகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்தான். மழை திடீரென்று நின்றது. கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

திரையில் மைக்கின் குறி அசையாமல் இருந்தது. பிறகு ஒருமுறை துள்ளியது.

“ஆகோ,” என்றது பெட்டி. எக்குவாவின் குரல். இப்போது இரைச்சல் இல்லை, உரசல் இல்லை. சோதனை முடிந்த குரல்.

கோபினா இரண்டு உள்ளங்கைகளாலும் வாயை அமுக்கினான். கத்தி மடியில் விழுந்தது. தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று.

“ஆமே,” என்றது பெட்டி, அவன் குரலில்.

தரையில் கிடந்த எக்குவாவின் கை நகர்ந்தது. சேற்றையும் ரத்தத்தையும் தடவிக்கொண்டே போய், கவிழ்ந்து கிடந்த எனாமல் மூடியைத் தேடி எடுத்தது. துடைத்தது. மிச்சம் இருந்த மீன்மேல் அதைப் பதமாகப் பொருத்தி மூடி, பாத்திரத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தது.