இறங்கிக்கொண்டே போன கோடு

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...!

மூன்றாவது மாடி. மணி காலை பதினொன்று பத்து.

அவள் எடுக்கவில்லை. பாதிக் கூட்டலில் இருந்தாள்.

காற்றைச் சூடேற்றும் வாயுக்களை நாடு முழுவதும் கணக்கெடுக்கும் அலுவலகம் அது. கரியமில வாயு பக்கத்து அறைக்காரர் பொறுப்பு. மிச்சமெல்லாம் இவள் தலையில்! மாட்டுக் கொட்டிலிலும் குப்பைக் கிடங்கிலும் கிளம்பும் மீத்தேன்... உரம் போட்ட வயலிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு... ஃப்ரிட்ஜில் கசியும் வாயு...

ட்ரிங்ங்...!

எடுத்தாள்.

"அண்ணி... நான் மொட்டை பேசறேன்..."

அவள் கணவன் சூப்பர்வைசராக இருக்கும் குப்பைக் கிடங்கின் பம்ப் ஆபரேட்டர். நாற்பது வயது. குரல் மட்டும் இன்று நாலு வயதுக் குழந்தையுடையது.

"என்னடா?"

"அண்ணன் கழிவுநீர்க் கிணத்துல இறங்கினாரு... ஏறி வரல. தீயணைப்புக்காரங்க வந்துதான் தூக்கினாங்க..."

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மொட்டை! எந்த ஆஸ்பத்திரிடா?"

"அவசரம் இல்லன்னுட்டாங்க அண்ணி..."

* * *

நீலத் தார்ப்பாயின் கீழே அவன் கிடந்தான்.

ஒரு காலுறை பாதி கழன்றிருந்தது. அவள் குனிந்து அதை இழுத்துச் சரியாக மாட்டிவிட்டாள். தினமும் காலையில் அவன் அவசரத்தில் செய்யாமல் போகும் வேலை.

பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இது கொலை!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "நீங்க...?"

"சம்சாரம்."

"உடம்பை மேல எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகலைம்மா. எஃப்.ஐ.ஆருக்கு முன்னாடி தீர்ப்பா?"

அவள் கைப்பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்தாள். அரசாங்க முத்திரை போட்டது. நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்தாள்.

"பாருங்க சார். இந்தக் கிடங்கோட மீத்தேன் கணக்கு. வருஷா வருஷம் இறங்கிட்டே போகுது. இவ்வளவு கம்மியான வாயுவுல ஒரு மனுஷன் சாகவே முடியாது!"

"யார் போட்ட கணக்கு?"

"நான்!"

"அப்ப வாயு கொல்லல..."

"ஆளு கொன்னிருக்கணும்!"

"யார் மேல சந்தேகம்?"

அவள் விரல் தகரக் கொட்டகைப் பக்கம் நீண்டது. "மேனேஜர். இவருக்கும் அவருக்கும் ஆகாது. இன்னிக்குக் காலையில வந்ததும் வராததுமா சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்களாம். மொட்டைதான் சொன்னான்."

* * *

கொட்டகைக்குள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மேல் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பொத்தான் எங்க சார்? வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"அவர்தான் பிச்சுட்டாரு..."

"சட்டையப் பிடிச்சது யாரு?"

"நான்தான்! இல்லேங்கல!"

"ஐயோ... பார்த்தீங்களா சார்! அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார்!" அவள் கத்தினாள்.

"கத்தாதீங்கம்மா... எதுக்குப் பிடிச்சேன்னு கேளுங்க." மேனேஜர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பம்ப் அடைச்சிருச்சு. இறங்கறேன்னாரு. முகமூடியோட பட்டை அறுந்து கிடக்கு... புதுசு வரட்டும், அதுவரைக்கும் இறங்காதய்யான்னேன். கேக்கல. சட்டையப் பிடிச்சு இழுத்தேன். உதறிட்டுப் போயிட்டாரு."

அவள் வாய் திறந்தபடி நின்றது.

"கேக்கலையா? ஏன் கேக்கல?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

மேனேஜர் அவளைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோவ், உம்மைத்தான்!"

"வேணாம் சார். அவங்க இருக்கும்போது வேணாம்..."

வாசலில் நின்ற மொட்டையின் பக்கம் இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீ சொல்லு."

"அண்ணி... கோவிச்சுக்காதீங்க..." மொட்டை கண்ணைத் துடைத்தான். "'போங்கடா பயந்தாங்கொள்ளிங்களா... வாயுதான் குறைஞ்சு போச்சே! எங்க வீட்டம்மா கணக்கு ஒரு நாளும் தப்பாது'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் அண்ணி இறங்கினாரு..."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம்! அட்டவணைக்குக் கீழே இருந்த அவள் பெயரைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். கணவன் கைவேலை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"தீயணைப்பு அதிகாரி கிணத்துக்குள்ள வாயு அளக்கற கருவியை இறக்கிப் பார்த்தாராம்மா. முள்ளு கடைசிவரைக்கும் போய் முட்டிக்கிட்டு நிக்குதாம். கருவி ஒண்ணு சொல்லுது... உங்க புத்தகம் ஒண்ணு சொல்லுது. இதுல எது அளந்தது?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா?"

"யாரும் அளக்கல சார்..."

"என்னது?"

"இங்க இருந்த அளவைக் கருவி பழுதாகி மூணு வருஷம் ஆச்சு. பதினோரு கடிதம் எழுதினேன். நம்பர் போட்டு, நகல் வச்சு எழுதினேன். பதிலே வரல. கட்டத்தைக் காலியா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால... அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு அளந்த கணக்கு இருந்துது. முதல் வருஷத்தைவிட ரெண்டாவது வருஷம் கொஞ்சம் கம்மி. அந்த ரெண்டு புள்ளியில ஸ்கேலை வச்சேன். கோட்டை அப்படியே கீழே நீட்டிட்டேன்."

"நீட்டிட்டீங்களா!"

"எங்க வேலையில எல்லாரும் செய்யறதுதான் சார். அளந்தது இல்ல, மதிப்பீடுன்னு கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கோம்..."

"உங்க வீட்டுக்காரர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பாரா?"

"என் பேரு இருக்கிற பக்கம் மட்டும்தான் படிப்பார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் சார். முதல் புத்தகம் வந்த அன்னிக்கு, அச்சுல இருந்த என் பேரை விரலால தடவிப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷம்! அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் ரெண்டாவது புத்தகம் வந்துது... மூணாவது வந்துது..."

அவள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"அச்சுல பார்த்துப் பார்த்து... நானே நம்பிட்டேன் சார்!"

காலையில் அவளுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தபோதுகூட அவள் அந்தக் கோட்டைத்தான் நம்பினாள். கோடு பொய் சொல்லாது. ஆகவே ஒரு கொலைகாரன் இருந்தே தீரவேண்டும். வாடகைக் காரில் வந்த முப்பது நிமிடமும் அவனைத்தான் தேடிக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை அவள் முன்னால் வைத்தார். அவள் அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். டம்ளரைத் தொடவில்லை.

"பேனா குடுங்க சார்."

"எதுக்கு?"

"புகார் எழுதணும். கொலைன்னு சொன்னேன்ல? ஆள் பேரு தெரிஞ்சுபோச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவைச் சட்டைப் பையிலேயே அழுத்திக்கொண்டார்.

"தப்புக் கணக்குக்குத் தூக்கு கிடையாதும்மா. இருந்தா பாதி அரசாங்கம் தொங்கும்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்... ரிப்போர்ட்ல எழுதியாகணும். இந்த வருஷம் குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்களே... அது முழுப் பொய்தானா?"

அவள் சுவரிலிருந்த தாளை ஓரம் கிழியாமல் உரித்தாள். நாலாக மடித்தாள்.

"முழுப் பொய்னு எழுதாதீங்க சார். இந்த வருஷம் நிஜமாவே குறைஞ்சிருக்கு..."

"என்ன குறைஞ்சிருக்கு?"

"எங்க வீட்ல ஒரு ஆள்!"