ஜின்னிக்கு ஒரு சிவப்புச் சால்வை

ஜின்னிக்கு ஓடத் தெரியும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நேராக ஓடுவதுதான் அதற்கு ஆகாத காரியம்.

சனிக்கிழமை தவறாமல் இதே கதைதான். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பந்தயம் நடக்கும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நாய்க்காரர்கள் ஆளுக்கொரு துணியை ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். மற்ற நாய்கள் தங்கள் துணியைப் பார்த்துப் பறந்துவரும். ஜின்னி மட்டும் பாதி வழியில் பக்கத்து நாயின் காதைக் கடிக்கப் போய்விடும்.

"நல்ல நாய்தான் ரால்ஃப்! பாதி தூரம் ஓட்டம், பாதி தூரம் குத்துச்சண்டை!" என்று பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஜின்னியின் தகப்பன் அவர் வீட்டில் எலி பிடிக்கும் டெரியர் நாய்தான். அந்த நேரத்தில் மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

ஜின்னியை வளர்த்தவர் சிறுமி ஹெட்டியின் அப்பா ரால்ஃப். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஜின்னியின் தாய் சின்ன கிரேஹவுண்ட் இன நாய்; காற்றாய் ஓடும், ஆனால் கூட்டம் கத்தினால் நடுங்கும். டெரியருக்கோ பயமே கிடையாது, கால்தான் குட்டை. அந்தக் காலும் இந்தத் துணிச்சலும் ஒரே நாய்க்கு வாய்த்தால்? தெருவில் பாதி வீடுகளில் இதே ஆசைதான். அப்படிப் பிறந்ததுதான் ஜின்னி.

ஒரு சனிக்கிழமை பந்தயம் முடிந்து வந்த அப்பா, கணப்பு அடுப்பின் முன் குளியல் தொட்டியில் உட்கார்ந்து சுரங்கக் கரித்தூளைத் தேய்த்துக் கழுவினார்.

"டெரியர் ரத்தம் கூடிப்போச்சு. அடுத்த வாரமும் சண்டைக்குப் போனா, மாவு மில்லுக்குக் குடுத்துடுவேன். எலி பிடிச்சுப் பொழைக்கட்டும்."

"அப்பா!" என்றாள் ஹெட்டி. ஜின்னி அவள் காலடியில்தான் படுத்திருந்தது.

"நாய் கெடக்கட்டும், பந்தயத்துல ஆட்ட எடுத்துட்டுப் போன என் துண்டு பத்திரமா இருக்கா?" என்றாள் அம்மா. "வீட்டுக்கு இருக்கிறதே ஒண்ணு."

மறுநாள் அப்பா கொல்லையில் ஜின்னியைப் பழக்குவதை ஹெட்டி கவனித்துப் பார்த்தாள். அவர் துண்டை ஆட்டினார். ஜின்னி பாய்ந்து வந்து வாயைத் திறந்தது. அப்பா வெடுக்கென்று துண்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் அப்படியே.

"ஏம்ப்பா பிடுங்குறீங்க?"

"கிழிஞ்சா உங்கம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

ஹெட்டி யோசித்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கிடைக்கவே கிடைக்காத துணிக்காக ஜின்னி ஏன் ஓட வேண்டும்? பக்கத்து நாயின் காதாவது கிடைக்கிறதே!

அவளிடம் ஒரே ஒரு சிவப்புக் கம்பளிச் சால்வை இருந்தது. அந்த வாரம் முழுதும் பள்ளி விட்டு வந்ததும் அதை ஆட்டினாள். ஜின்னி கவ்வியதும் விட்டுக்கொடுத்தாள். ஜின்னி அதை உதறியது, உறுமியது, ஒரு மூலையைக் கிழித்தது. ஹெட்டிக்கு வருத்தம்தான். ஆனாலும் பிடுங்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவிடம் சால்வையை நீட்டினாள். "துண்டு வேணாம்ப்பா. இத ஆட்டுங்க."

"உன் சால்வைடி இது! குளிருமே?"

"நடுங்கிக்கிறேன். நீங்க பிடுங்காம இருந்தா போதும்."

நாய்கள் பாய்ந்தன. பாதி வழியில் பக்கத்து நாய் உரசிக்கொண்டு வந்தது. ஜின்னி தலையைத் திருப்பியது.

"ஜின்னி!" என்று அப்பா அலறினார். சிவப்புத் துணி படபடத்தது. ஜின்னி அதைப் பார்த்தது. அவ்வளவுதான், காதையெல்லாம் மறந்து நேராக வந்து சால்வையைக் கவ்வியது. அப்பா இந்த முறை பிடுங்கவில்லை; துணியோடு சேர்த்துத் தூக்கினார், ஜின்னியும் கூடவே தொங்கியது.

இரண்டாவது இடம்தான். ஆனால் அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

"பல்லப் பாத்தியா? எங்க வீட்டு டெரியரோட பல்லு!" என்றார் ஆம்ப்ரோஸ்.

அப்பாவின் கோட்டுக்குள் புதைந்து ஹெட்டி வீடு வந்தாள். அம்மா கிழிந்த சால்வையைப் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். கத்திரிக்கோலை எடுத்துத் தன் துண்டைச் சரிபாதியாக வெட்டினாள்.

அன்று அப்பா பாதித் துண்டில்தான் முகம் துடைத்தார். மறுபாதியைக் கவ்விக்கொண்டு ஜின்னி அடுப்படியில் தூங்கிவிட்டிருந்தது.