இடப்பக்கத்துப் பசி

குடுவை காலியாக இருந்தது.

காலையில் நிமியா அதைத் தூக்கிப் பார்த்து, "பாதிக்கு வந்துருச்சும்மா, சாயங்காலம் கொட்டிரலாம்" என்று சொன்னது காசில்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. இடது மார்பை எடுத்த இடத்தில் ஊறும் நீர் வடிவதற்காக, விலாப்பக்கத் தோலைத் துளைத்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்தது. குழாயின் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் குடுவை. கொய்யாச் சாறு நிறத்தில் அதற்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும். மரவள்ளிக்கிழங்கும் சூப்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுகூட அது இடுப்பில் கனத்தது. இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு கறை இல்லை. நக்கித் துடைத்ததுபோல் சுத்தம்.

"நிமியா, இதை நீ கொட்டினியா?"

"நான் எங்கே கொட்டினேன்? இப்பத்தானே முழிச்சேன்." மகள் தாழ்வாரத்திலிருந்து தலைமுடியைக் கட்டிக்கொண்டே வந்தாள். ஐம்பத்தொரு வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கோடை விடுமுறை என்பதால் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். குடுவையைப் பார்த்துச் சிரித்தாள். "யாசி யாதெரே வந்து குடிச்சிட்டுப் போயிட்டான்போல."

மதியத் தூக்க நேரத்தில் வெளியே திரியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவான் என்று அவர்கள் ஊரான வியாரிக்காவில் எல்லா வீட்டிலும் சொல்லி மிரட்டும் மஞ்சள்முடிக் குள்ளன் அவன். காசில்தாவும் சிரித்தாள். ஆனால் நிமியா சிரித்து முடித்ததும் அம்மாவின் விரல்களைப் பிடித்து, நகக்கண்ணில் ஏதாவது சிவப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீயே கழட்டிக் கொட்டிட்டு மறந்துட்டியாம்மா?"

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாகக் கேட்டாள். அந்த மென்மைதான் காசில்தாவைப் பயமுறுத்தியது.

காரணம், மூத்த பெண்களுக்குரிய 'ஞா' என்ற மரியாதை குறையாமல் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "கட்டி சின்னதுதான், ஞா காசில்தா. உங்க வயசுதான் சின்னது இல்ல." எழுபத்தெட்டு. இதயம் திணறலாம், காலில் கட்டும் ரத்தம் நுரையீரலுக்கு ஏறலாம், காயம் ஆற நாளாகலாம் என்றார். கடைசியாக, "மயக்கம் தெளிஞ்சப்புறம் வயசானவங்க சில பேருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது தெரியும், கேக்கும். நிறையப் பேருக்கு நாலஞ்சு நாள்ல சரியாயிரும்."

"மத்தவங்களுக்கு?"

டாக்டர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கத்தி வேண்டாமென்றால் மாத்திரை இருக்கிறது, தினமும் ஒன்று, பல வருடம் அதை வளரவிடாமல் பிடித்து வைக்கலாம் என்றார். நிமியா மாத்திரைக்கே தலையாட்டினாள். காசில்தாதான் கேட்கவில்லை. "அதை உள்ள வச்சுக்கிட்டு என்னால படுக்க முடியாது. எடுத்துப் போடுங்க."

எடுத்தார்கள். இதயம் தாங்கியது. நுரையீரல் தாங்கியது. டாக்டர் சொன்னவற்றில் மீதியிருந்தது ஒன்றுதான்.

குடுவை காலியானதற்கு மறுநாள் மதியம் அவள் தூங்கவில்லை. அங்கே உச்சக்கோடையான ஜனவரியின் வெயிலில் தெருவே செத்துக் கிடந்தது. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. சன்னல் இடுக்கு வழியாக, கொல்லையில் விழுந்து புளித்துக்கொண்டிருந்த மாம்பழங்களின் சாராய நெடி உள்ளே வந்து, காயத்தில் தடவிய மருந்தின் வாடையோடு கலந்து, மெத்தைமேல் ஒரு ஈரத்துணிபோலப் படிந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தட்டியது. தாழ்வாரத்து வலைத்தூளியில் நிமியா சீராக மூச்சுவிட்டுத் தூங்கினாள்.

காசில்தாவின் காது சாதாரணக் காது இல்லை. ஊர்த் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தவள். இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்டால், அந்த ஆள் வாயே திறக்காவிட்டாலும், மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இப்போது அறையில் மூன்றாவது மூச்சு கேட்டது.

சிறியது. மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. வாயில் எதையோ கவ்விக்கொண்டிருப்பவர்கள் அப்படித்தான் விடுவார்கள். அது அவள் இடது கைக்குள்ளிருந்து வந்தது. அதைக் கேட்ட அதே கணத்தில், கட்டுத்துணிக்கு அடியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், முலைக்காம்பு இழுபட்டது. ஓர் இழுப்பு. ஒரு விடுப்பு. மறுபடி இழுப்பு. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்குளுக்கு அடியிலிருந்து ஏதோ நெகிழ்ந்து இறங்கிவருவதைக்கூட உணர்ந்தாள். அவள் கண்முன்னே குடுவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

அவள் கத்தவில்லை. வெட்கத்தோடு பின்னால் நினைத்துப் பார்த்தாள்: அன்று அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கதகதப்பு. யாருக்கோ தான் தேவைப்படுகிறோம் என்கிற நினைப்பு. நாற்பது வருடமாக யாரும் அந்த இடத்தைத் தேடி வந்ததில்லை.

வியாழக்கிழமை டாக்டர் குழாயை உருவி எடுத்தார். "இந்த வயசுல இவ்வளவு சீக்கிரம் வத்தினதை நான் பாத்ததே இல்ல" என்று பாராட்டினார்.

காசில்தா கேட்டாள். "எடுத்த மார்பு இன்னும் இருக்கிற மாதிரியே தெரியுமா, டாக்டர்?"

"தெரியும். நரம்புக்குப் பழசு மறக்காது. அரிக்கும், வலிக்கும்."

"பால் குடிக்கிற மாதிரி?"

நிமியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். டாக்டரின் பேனா நின்றது. "இன்னிக்கு என்ன கிழமை, ஞா காசில்தா?"

"வியாழன். ஏன், உங்களுக்கு மறந்துபோச்சா?"

மூவரும் சிரித்தார்கள். ஆனால் கதவருகே அவர் நிமியாவிடம் தணிந்த குரலில் சொன்னது அவள் காதுக்குத் தப்பவில்லை. "மறுபடி இப்படிப் பேசினாங்கன்னா கூட்டிட்டு வந்துருங்க. சேர்த்து, தூக்க மருந்து ஆரம்பிக்கணும். சில பேர் அதோட திரும்பறதில்ல."

அதற்குப்பிறகு காசில்தா அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியமும் அது வந்தது. குழாய் இல்லை. குடுவை இல்லை. குடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. மூச்சு அவள் விலாவெங்கும் முகர்ந்து அலைந்தது. பிறகு கவ்வியது. இழுத்தது. வறண்ட இழுப்பு. விட்டது. மறுபடி, இன்னும் பலமாக. மூக்கில் சினந்த சீறல்.

பிறகு கடித்தது.

மூன்று பிள்ளைகளையும் பல் முளைத்த மாதத்தில் பால் மறக்கடித்தவள் அவள். பால்பல் கடி எப்படியிருக்கும் என்று தெரியும். இது பால்பல் இல்லை. முழு வாய். மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் எல்லாம் வளர்ந்து முடிந்த வாய். அவள் தலையணை முனையைப் பற்களுக்கிடையில் திணித்துக்கொண்டு, கண்ணீர் காதுக்குள் வழிய, சத்தமில்லாமல் படுத்திருந்தாள். தூளியில் நிமியா புரண்டாள். கேட்டுவிடுவாளோ? கேட்டுவிட்டால் மருந்து. மருந்து என்றால் திரும்புவதில்லை.

வெள்ளி. சனி. ஞாயிறு.

மாலையில் கட்டை அவிழ்க்கும்போது நிமியா சொன்னாள், "காயம் அழகா ஆறிட்டு வருதும்மா. சிவப்பே இல்ல." காசில்தா குனிந்து பார்த்தாள். தையல் வரிசை. தட்டையான, சுருங்கிய தோல். ஒரு பல் தடமும் இல்லை.

திங்கட்கிழமை மதியம் அது மறுபக்கம் போகப் பார்த்தது. மார்புக்கூட்டின் நடு எலும்பின்மேல் மூச்சு ஊர்ந்தது, வலது மார்பை நோக்கி. காசில்தா இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டாள். அறுபது வருடம் பின்னால் போய், வம்பு பேசுகிறவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் அந்தப் பழைய குரலில், உதடு அசையாமல் சொன்னாள்:

"இங்க ஒண்ணும் இல்ல. போ. வேற இடம் பாரு."

மூச்சு நின்றது.

கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நின்றது. பிறகு மெத்தை லேசாக உயர்ந்தது, ஒரு கனம் இறங்கிப்போனதுபோல. அவள் அன்று மாலைவரை தூங்கினாள்.

மறுநாள் அவளுக்குப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள். பக்கத்துவீட்டு ஞா பெத்ரோனாவின் புது மருமகனின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லி, நிமியாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் புரையேறும்வரை சிரிக்க வைத்தாள்.

"முகமே தெளிஞ்சிருச்சும்மா" என்றாள் நிமியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் பயந்தே போயிருந்தேன், தெரியுமா? நீ என்னைவிட்டு எங்கேயோ போயிட்டேன்னு."

"நான் எங்கேடி போவேன்?"

மதியம் வந்தது. காசில்தா படுத்தாள். மாம்பழ நெடி. மின்விசிறியின் தட்டல். இடது கைக்குள் ஒன்றுமில்லை. வெறும் தோல், வெறும் வெக்கை. சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். தாழ்வாரத்தில் நிமியாவின் மூச்சு, சீராக.

நிமியாவின் மூச்சு.

அதற்கு நடுவில் இன்னொன்று.

சிறியது. மூக்கால் விடுவது.

எழுந்தாள். கால் தரையில் பட்டது. ஓடு சுட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான்கு அடி. ஐந்து. கதவு.

நிமியா தூளியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கையில் மடங்கி, ஒரு தலையைத் தாங்குவதுபோல் வளைந்திருந்தது. வீட்டுக்கவுனின் இடது மார்புப் பக்கம் ஈரம். துணி ஒரு புள்ளியில் குவிந்து, உள்ளே இழுபட்டு, விடுபட்டது. இழுபட்டது. விடுபட்டது.

"நிமியா!"

மகள் கண்ணைத் திறந்தாள். "என்னம்மா? ஏன் எந்திரிச்சு வந்தே? விழுந்து வச்சா என்ன ஆகும்?"

"கை... உன் கையைப் பாரு."

நிமியா தன் இடது கையைப் பார்த்தாள். அது இருந்த வளைவில் ஏதும் வினோதம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. "கைக்கு என்ன?" என்றாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தபோது அவள் முகம் மெல்ல மாறியது. அந்த மென்மை. அந்த அன்பு.

"சரிம்மா. பயப்படாதே. ஒண்ணுமில்ல. சாயங்காலம் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துரலாம், என்ன?"

அம்மாவைத் தேற்றுவதற்காக வலது கையை நீட்டினாள். இடது கை இறங்கவில்லை. அதன் விரல்கள் மெதுவாக, பழக்கப்பட்ட தாளத்தில், காற்றைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கின. தூளி ஆடியது. ஈரத்துணி இழுபட்டது.

மூக்கின் சிறிய மூச்சு, வயிறு நிறைகிற நிம்மதியில், நீண்டுகொண்டே போனது.