வெறும் கரைசலில் எழுந்த கூம்பு

மருந்து எதுவும் சேர்க்காத வெறும் கரைசலில் சோதனைக் கருவித் திரையின் கோடு தட்டையாகத்தான் ஓட வேண்டும். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அதன் நடுவில் ஒரு கூம்பு எழுந்தது.

தினேஸ்வரி கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். குவளையை மாற்றினாள். பென்சில் கனமிருந்த மின்முனைக் குச்சியை மூன்று தரம் கழுவினாள். குனோங் ராபாட் கடைவரிசை மாடியிலிருந்த அந்தச் சோதனைக்கூடத்தில் ஏர்கோன் இரைச்சலும், தகரத்தில் விழுகிற மழையும், சுண்ணாம்பு மலைப்பக்கமிருந்து வந்த ஈர வாடையும், பிள்ளை பெற்றவர்களுக்கு விற்கிற மூலிகைத் தூளின் கசப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மறுபடி ஓடவிட்டாள். கூம்பு முன்பைவிட உயரமாக வந்தது.

தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். அந்த எரிச்சல் வேறு. கிராபீன் கரித்தூளையும் பாலிமர் பிசினையும் கலந்து குச்சியின் முனையில் பூசும்போது, மூலிகையில் தேடுகிற மருந்துப் பொருளையும் அதில் சேர்த்துக் காயவிட வேண்டும். பிறகு கழுவினால் பொருள் போய்விடும், அதன் வடிவத்தில் குழிகள் மட்டும் பாலிமரில் மிஞ்சும். அதே பொருள் திரும்ப வந்து குழியில் உட்கார்ந்தால் கோடு எழும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சுத்தமான பொருள் வந்து சேரவில்லை. முதலாளி பழனியப்பன் பொறுக்கவில்லை. அவளும் மருந்துத் தூளையே கரைத்து ஊற்றிவிட்டாள். தூளில் என்ன இருந்ததோ, குழி அதற்குத்தான் விழுந்திருக்கிறது.

"தரச் சான்றுல சைன் போட்டாச்சா? மருந்து ஏத்த லோரி கீழ நிக்குது," என்றார் பழனியப்பன், வாசலிலேயே நின்றுகொண்டு.

"கோடு சரியா வரலை, முதலாளி. இந்த மூலிகை எங்க பறிச்சது?"

"அது எதுக்கு உனக்கு? கோலா கங்சார் பக்கம் பழைய எஸ்டேட்டு. உங்கப்பா இருந்த தோட்டம்தான். செம்பனைக்கு நடுவுல ஒரு துண்டு நிலத்தை நடாம விட்டு வச்சிருக்கான். அங்க மட்டும் காடா மண்டிக் கெடக்கு."

அந்த இடம் அவளுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் செத்த பெரியவர்களை எரிப்பார்கள். பல் முளைக்காத பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள். அந்தத் துண்டு நிலத்தில்தான் புதைப்பார்கள். எண்ணெய்க்காகச் செம்பனை நட்டவன்கூட அங்கே மண்வெட்டி போடவில்லை.

"அது பச்சப் பிள்ளைங்களைப் பொதைச்ச எடம்."

"பேய்க்கதை பேசத்தான் சம்பளம் வாங்குறியா? உன் தங்கச்சி இருபது நாளா இதைத்தானே சாப்பிடுறா. செத்தா போயிட்டா?"

அந்த ஆளைக் குச்சியாலேயே குத்தலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அம்மா இல்லாத வீட்டில், பிள்ளை பெற்றுக் கிடந்த தங்கை கலாதேவிக்கு இந்தத் தூளை வெல்லத்தோடு கிண்டி உருண்டை பிடித்து, தினமும் வெறும் வயிற்றில் ஊட்டிவிட்டது தினேஸ்வரிதான். முகத்தைச் சுளித்தபோதெல்லாம் அதட்டி விழுங்க வைத்தாள்.

அவர் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். அவள் குச்சியை வெளியே எடுத்து, துடைத்து, மேசையில் வைத்தாள்.

காய்ந்த குச்சி. திரையில் கோடு எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது. சீராக, பச்சைப் பிள்ளை பால் இழுக்கிற வேகத்தில்.

தங்கையை போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கையெழுத்துப் போடாமலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினாள். ஐந்து நிமிடத்தில் போகிற வீடு. அன்று எல்லாச் சந்திப்பிலும் சிவப்பு விளக்கு.

வீட்டுக் கிரில் கதவு திறந்திருந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை. கூடத்தில் சாம்பிராணி வாசம். அதற்கு அடியில் மண் வாசம். மழை மண் இல்லை. தோண்டிய மண்.

குழந்தை அழவில்லை.

அறைக் கதவைத் தள்ளினாள். கலாதேவி கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் ஏந்தினாற்போல் வளைந்திருந்தன. இடது கையில் குழந்தை. வலது கையில் ஒன்றுமில்லை.

"சத்தம் போடாதலா, அக்கா. பால் குடிக்குது."

"குடு அதை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு அழும்."

தினேஸ்வரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குழந்தையின் வாய் மூடியிருந்தது. உதடு நீலம். தொட்டாள். சில்லென்றிருந்தது.

அறையில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபக்கத்திலிருந்து.

தங்கையின் வலது மார்பு இழுபட்டுத் தளர்ந்தது. இழுபட்டுத் தளர்ந்தது. கசிந்த பால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. அந்தக் காலியான கை, பாரம் ஏற ஏற, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.