பூட்டாத லயம்

போடிமெட்டுக்குக் கீழே இருந்த ஏலத்தோட்டத்து பங்களா வாசலில் ஜீப்பு ரெபேக்காளை இறக்கிவிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் போடியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருபவள். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களைப் பற்றி மறுநாள் விழாவில் பேச வேண்டும். வீட்டில் பிள்ளைகளின் கூச்சல் தாங்கவில்லை. தாத்தா கட்டிய பங்களாவில் நிம்மதியாகப் பேசிப் பார்க்கலாம் என்று ஏறி வந்துவிட்டாள்.

மேஸ்திரி ஜக்கையன் விளக்கைப் போட்டுவிட்டு, சரிவில் தெரிந்த பழைய லயத்தைப் பூட்டக் கிளம்பினார். தோட்டத்து ஆட்கள் ஒரு காலத்தில் குடியிருந்த நீளக் கட்டடம் அது.

"காலியாக் கெடக்குறதுக்கு எதுக்குண்ணே பூட்டு?"

"ஒங்க தாத்தா காலத்துப் பழக்கம்மா. ஆளுக ஓடிரக் கூடாதுன்னு பொழுது சாஞ்சா கங்காணி வெளியே பூட்டிருவாரு. ஒரு மழையில மண்ணு சரிஞ்சு மூடுனப்பவும் பூட்டித்தான் கெடந்துச்சு. உள்ள இருந்தவுக ஒருத்தரும் தப்பல." குரலைத் தாழ்த்தினார். "மண்ண அள்ளிட்டு, அதுக்கப்புறமும் பூட்டாம விட்டதில்ல."

ரெபேக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவர்களைப் பூட்டியது போதாதென்று செத்தவர்களையுமா? தன் குடும்பத்துப் பாவத்தை ஒரே சாயங்காலத்தில் கழுவிவிடுகிற வேகம் அவளுக்கு.

"இனிமே பூட்ட வேணாம். சாவியக் கொண்டாங்க."

ஜக்கையன் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கீழே போகிற ஜீப்பைப் பிடிக்க வெரசாக நடந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பனிமூட்டம் முற்றம்வரை வந்து நின்றது. ரெபேக்காள் கூடத்தில் நின்று சத்தமாகப் பேசிப் பார்த்தாள்.

"தப்பி ஓடி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் சாதாரணக் குடும்பத்தார். உதவினால் சிறை என்று சட்டமே மிரட்டியது. ஆனாலும் பரணிலும் வைக்கோலுக்கு அடியிலும் ஒளித்து வைத்தார்கள். தேடி வந்தவன் கேட்டால், யாரும் வரவில்லை என்றார்கள்."

பின்கதவில் நகம் உரசியது.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். பச்சை ஏலக்காயும் சேறும் கலந்த வாடை சமையலறை முழுக்கப் பரவியிருந்தது.

"ஆத்தா." கதவோடு வாய் வைத்துப் பேசும் பெண்குரல். "எங்கள ஒளிச்சு வைப்பியா?"

ரெபேக்காள் கதவருகே போனாள்.

"புள்ள இருமுறான் ஆத்தா. கங்காணி காதுல விழுந்துரும்."

பயந்தாலும் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. இழுத்தால் போதும். இழுத்துவிடுவோம் என்றுதான் நம்பினாள்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம்.

மரியாதையாகத் தட்டினார்கள்.

"சின்னம்மா, இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாகளா?"

ஜக்கையன் குரல் இல்லை. சமையலறையிலிருந்தே கூடத்துக் கண்ணாடி ஜன்னலில் ஒரு தலைப்பாகை தெரிந்தது. அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

யாரும் வரவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிதான். நாக்கு எழவில்லை.

கை எழுந்தது.

பின்கதவைக் காட்டியது.

எந்தப் பேயும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. தூக்கியது அவளேதான், அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"நல்லதும்மா," என்றது குரல்.

பின்பக்கம் ஒரு குழந்தை இருமியது. அந்த இருமல் பாதியில் நின்றது.

மறுநாள் விழாவில் அவள் பேசி முடித்ததும் கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவளைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று கல்லூரி முதல்வர் மேடையில் சொன்னார். அவள் சிரித்து வைத்தாள். தன்மீதே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

வீடு திரும்பியபோது பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். படுக்கையறையில் பச்சை ஏலக்காய் வாடை. கட்டிலுக்கடியில் யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். அதையும் மீறி இருமல் கேட்டது.

போக்கிடம் இல்லாதவர்கள், காட்டிக்கொடுத்தவள் வீட்டுக்கே திரும்ப வந்திருக்கிறார்கள்.

ரெபேக்காள் தரையில் மண்டியிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள். "பேசாம இருங்க. இந்தத் தடவ சொல்ல மாட்டேன்."

வாசற்கதவை யாரோ மரியாதையாகத் தட்டினார்கள்.

அவள் வாய் திறப்பதற்குள், வலது கை கட்டிலை நோக்கி எழத் தொடங்கியிருந்தது.