காற்றுப் படாத கரி

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வேலியோரமும், தடமும், செத்த தென்னைகளின் அடியும் கரிச்சேறாகக் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், துவைக்கிற கல்லுக்கு அப்பால் ஒரே ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது. ஒரு பாய் விரிக்கிற அகலம். காலால் தட்டினால் புழுதி பறக்கும் போல.

நனைந்த துணிகளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி மெர்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்புள்ள மெர்சி," வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டை இழுத்துக்கொண்டு போன பக்கத்து ஊர் நஞ்சம்மாள் நின்றாள். "உம்பட பொடக்காலில மட்டும் மழை பேயலையா? உங்க ஆண்டவரு கொடை புடிச்சாராக்கும்?"

"உங்க மாரியாத்தாதான் அந்த எடத்த மறந்துபோட்டா."

நஞ்சம்மாள் சிரித்தாள். ஆடு சிரிப்புக்குக் காத்திருக்கவில்லை. காய்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழுத்துக் கயிறு இறுக இறுகப் பின்வாங்கியது. "சரி, நாளைக்குப் போறவளுக்கு எந்த எடம் காஞ்சா என்ன" என்றபடி அவள் ஆட்டின் பின்னால் போனாள்.

அந்த இடத்தில் முன்பு ஒரு குழி இருந்தது. இந்த ஊரே குழிகளால் உண்டான ஊர். பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் தேங்காய் உடைத்து மிஞ்சிய கொட்டாங்குச்சித் தொட்டிகள் லாரி லாரியாக இங்கே வந்தன. கிணறு மாதிரி வெட்டிய குழிகளில் அவற்றைக் கொட்டிச் சுட்டுக் கரியாக்கினார்கள். குழிகளுக்குச் சொந்தக்காரரான தோட்டத்துக்காரர் திருமூர்த்தி தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். புரோட்டாக் கடை வந்தது, செல்போன் கடை வந்தது, ஒலிபெருக்கி வைத்த சிறிய சர்ச்சும் வந்தது. எங்கிருந்தெல்லாமோ பெண் கொடுத்தார்கள். கரி கப்பலேறி வெளிநாடு போனது. அங்கே யாரோ குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்யவாம். இங்கே கிணறுகள் கடுங்காப்பி நிறத்துக்கு மாறின. இளநீரிலும் புகை வாடை அடித்தது. காய்கள் எலுமிச்சை அளவில் உதிர்ந்தன. சுற்றுத் தோட்டத்துக்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது. இப்போது வரிசை வீடுகளுக்குக் கதவுகூட இல்லை. திருமூர்த்தி கோயம்புத்தூரில் இருக்கிறார்.

அதிகாரிகள் சீல் வைக்க வருகிறார்கள் என்று சேதி வந்த அன்று சாயங்காலம் அவர் ஜேசிபியை வரவழைத்தார். எரிகிற குழி, ஆறின குழி என்று யாரும் பார்க்கவில்லை. கிடந்த தொட்டி, தணல், கூடை எல்லாவற்றையும் உள்ளே தள்ளித் தகரத்தைப் போட்டு மண்ணைக் கொட்டினார்கள். குழி வேலைக்குப் போன மெர்சியின் புருஷன் தமிழ்ச்செல்வன் அன்று வீடு திரும்பவில்லை. மறுநாள் மேஸ்திரி கருப்புசாமி வந்தான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "பாலக்காட்டு பஸ்ஸுல பாத்தேன் அம்மணி. பக்கத்துல ஒரு பொம்பள."

ஊர் நம்பியது. மெர்சியும் நம்பினாள். தேடுவதைவிட வெறுப்பது லேசாக இருந்தது. அவன் சட்டைகளை இதே பொடக்காலியில் போட்டு எரித்தாள். ஜெபத்தில் அவன் பேரை விட்டுவிட்டாள். ஆனால் ஊர் காலியான பிறகும் அவள் மட்டும் போகவில்லை. வருவான், வந்தால் ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகவே வருஷக்கணக்கில் கரித்தூளைத் தின்றுகொண்டு இங்கே கிடந்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் மின்சாரம் போனது. செல்போன் அடித்தது. மகள் மதிவதனி. சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறாள்.

"மூட்டையெல்லாம் கட்டியாச்சாம்மா? காத்தால டெம்போ வந்துரும்."

"கட்டிப்போட்டேன் கண்ணு. ஒருவேளை உங்கப்பன் வந்தா..."

"ஆமா, வருவாரு. அந்தப் பாலக்காட்டுக்காரி கட்டுச்சோறு கட்டி பஸ் ஏத்தி உடுவா. பேசாம வாம்மா."

இணைப்பு அறுந்தது. தவளைகள் ஊர் முழுக்கக் கத்தின, வேலியில் கத்தின, கிணற்றில் கத்தின. பொடக்காலியில் மட்டும் ஒன்றுகூடக் கத்தவில்லை. அந்த அமைதிக்கு நடுவிலிருந்து, மண்ணுக்கு அடியிலிருந்து, பீங்கானைச் சுண்டினது போல ஓர் ஓசை வந்தது.

கிண்.

அவளுக்கு அந்த ஓசை தெரியும். நன்றாகச் சுட்ட கரி அப்படித்தான் பேசும். தமிழ்ச்செல்வன் இரண்டு துண்டுகளை எடுத்துக் காதோரம் தட்டிப் பார்த்துத்தான் தரம் சொல்வான்.

கிண்.

கதவைச் சாத்தினாள். பாயில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது. மழைநாளில், ஈரம் ஏறிய சுவருக்குள், அடுப்பே பற்றவைக்காத வீட்டில், யாரோ நெடுநேரம் படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போன இடம் மாதிரி ஓர் இதம். பைபிள் சங்கீதத்தில் தெரிந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நின்றது. புகையும் வெற்றிலையும் வேர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அவன் சட்டையின் வாடை. எரித்தது. சாம்பலையும் அள்ளி எறிந்தது.

கிண். கிண்.

எழுந்தாள். பயம் அவளைத் தெருப் பக்கம்தான் தள்ளியிருக்க வேண்டும். கால்கள் பின்பக்கம் போயின.

மழையில் மண் உள்வாங்கியிருந்தது. காய்ந்த இடத்தின் ஓரத்தில் தகரத்தின் விளிம்பு தெரிந்தது. தகரம் நடுங்கியது. அடியிலிருந்து தட்டினால் நடுங்குவது போல.

குழி திறக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அவளும் கரி வாரியவள்தான். குடத்தில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்தாள். செல்போன் விளக்கைப் போட்டுத் துவைக்கிற கல்மேல் சாய்த்தாள். மற்றக் கையால் கடப்பாரையை விளிம்புக்கடியில் செருகி அமுக்கினாள்.

தகரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

புகை இல்லை. வெக்கை மட்டும் முகத்தில் அறைந்தது.

காற்றுப் படாமல் வெந்தது உருக்குலையாது. உள்ளே தொட்டிகள் தொட்டிகளாகவே இருந்தன, கண் துளைகளோடு, மழமழவென்ற கறுப்பில். அவற்றுக்கு நடுவே இடுப்பளவு புதைந்து ஓர் ஆள் நின்றான். கைகள் இரண்டும் தலைக்கு மேலே. உள்ளங்கைகள் விரிந்து, தகரத்தை முட்டித் தள்ளுகிற மாதிரி. தோளில் கூடைக் கயிறு, முறுக்குகூட மாறாமல். புருவத்தில் வெட்டுத் தழும்பு. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

கறுப்பு. முழுக் கறுப்பு.

பாலக்காடு இல்லை. பஸ் இல்லை. பொம்பளை இல்லை.

அவன் எங்கேயும் போகவில்லை. அவள் சட்டைகளை எரித்தபோது அடியில் நின்றுகொண்டிருந்தான். அவள் மண்ணில் காறித் துப்பியபோதும்.

"ஏனுங்க..." என்றாள்.

வேலியைத் தாண்டி ஈரக்காற்று வந்தது. குழிமேல் தவழ்ந்தது.

இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். திறந்த குழியில் உடனே தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் காற்றுப் பட்டுத் தணல் பிடிக்கும். பொழுது விடிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். குடம் இடுப்பில் தளும்பியது. ஊற்றினால் அணைந்துவிடுவான். ஊற்றாவிட்டால் சாம்பலாகிவிடுவான்.

விலா எலும்புக்குள் ஒரு புள்ளி சிவந்தது.

மங்கியது.

மறுபடி சிவந்தது. இன்னும் அகலமாக.

மங்கியது.

காற்று நின்றுவிட்டது. வேலியில் ஓர் இலை அசையவில்லை. நெஞ்சில் சிவப்பு மட்டும் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

மூச்சு.

குடத்தைச் சாய்க்க அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கை சாய்க்கவில்லை.

சிவப்பு கழுத்துக்கு ஏறியது. தாடையில் மெல்லிய விரிசல் ஓடியது. உயர்ந்திருந்த கைகளில் ஒன்று அவள் பக்கமாகத் திரும்பியது. உதடுகள் பிரிந்தன.

உள்ளே நாக்கு, சிவக்கச் சிவக்க, அசைந்தது.