மணிப் பெட்டியின் கண்டென்ஸர்

இரைச்சலை அடக்கும் கண்டென்ஸரை மாட்டியும் உறுமல் நிற்கவில்லை.

ராமபத்ரன் வீட்டிலேயே செய்துகொண்டிருந்த கால்குலேட்டரில் எண்கள் கனல் போல நடுங்கின. மின்சாரத்தோடு வரும் இரைச்சல்தான் காரணம். அதைக் காதால் பிடிக்க ஒரு ரேடியோ ஸ்பீக்கரை இணைத்திருந்தான். உறையில்லாத கம்பியருகே கையைக் கொண்டுபோனால் உறுமல் ஏறும், எடுத்தால் இறங்கும். மனித உடம்பு நெருங்கினால் அப்படித்தான்.

வெளியே கும்மிடிப்பூண்டியில் மழை. ஈரக் காற்றில் உருக்காலையின் துரு வாசனையும், உள்ளே பற்றவைத்த ஈயத்தின் புகையும் கலந்து தொண்டையில் ஒட்டின.

அந்தக் கண்டென்ஸர், அவன் எலக்ட்ரீஷியனாக இருக்கும் உருக்காலையில் கிரேனின் எச்சரிக்கை மணிப் பெட்டியில் இருந்தது. இரைச்சல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திங்களன்று திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை கழற்றி வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டது அவனுக்குத் தெரியாது. மணி அடிக்காமலே கிரேன் நகர்ந்தது. இரும்புத் தகடு, கீழே வேலையிலிருந்த யேசுதாஸின் தலையில் இறங்கியது.

செய்தி கேட்டதும் ஓடிப்போய், யாரும் பார்க்குமுன் பெட்டியில் வேறொன்றை மாட்டிவிட்டான். மணி சரியாக இருந்தது என்று நாளை விசாரணையில் சொன்னால் போதும்.

மத்தியானம் யேசுதாஸின் மனைவி ரோசம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"மணி அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பாரு சாமி. குடிச்சிட்டு ஆடிக்கினு நின்னாருன்றாங்க. செத்தவர் மேல பழி. நீங்களாவது நெசத்தைச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டி அனுப்பினான்.

இப்போது எழுந்து எதிர்ச் சுவரோரம் போய் நின்றான். உறுமல் இறங்கியது. நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"மணியில ஒரு கோளாறும் இல்லை."

உறுமல் ஏறியது.

கம்பியருகே யாருமில்லை. அவன் கை அவன் நெஞ்சில்.

"மணி சரியாத்தான் இருந்தது."

இன்னும் ஏறியது. யாரோ மேஜையை நெருங்குவது போல. ஓரடி. இன்னும் ஓரடி. எண்கள் துடித்தன. துரு வாசனை. இல்லை. ரத்தம்.

சட்டென்று உறுமல் அடங்கியது. மேஜையை விட்டு நகர்ந்தாயிற்று.

எங்கே?

காபி டம்ளரோடு அவன் மனைவி பூமா உள்ளே வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் செய்வது போலத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்கோ" என்றாள், கணவனுக்குப் பக்கத்திலிருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து. "உக்காருங்கோ."

மரியாதைக்காகத் தாழ்ந்திருந்த அவள் பார்வை மெல்ல மேலே போயிற்று. இடுப்பு. மார்பு. தோள். அதற்கும் மேலே.

"ஏன்னா, இவருக்குத் தலை எங்கே?" என்றாள்.